பயாப்ஸி ரிப்போர்ட்டோடு மார்பக கிளினிக்குக்குப் போனோம்: ஸ்லைடு ரிவ்யூ, விளக்கம், செலவு

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மார்பக கிளினிக்கில், வெளியூரில் எடுத்த பயாப்ஸியை (கட்டியிலிருந்து சிறு சதை எடுத்துச் செய்யும் சோதனை) மறுபடி பார்த்துச் சொல்லும் ஸ்லைடு ரிவ்யூவும், அதன்பிறகு டாக்டர் உட்கார்ந்து ரிப்போர்ட்டை விளக்கும் சேவையும் எடுத்துக்கொண்டோம். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. பெரிய புற்றுநோய் மையங்கள் பலவற்றில் இந்த ரிவ்யூ உண்டு, எங்கே போனாலும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும் என்பதால்தான் எழுதுகிறேன்.

நோயாளி என் அண்ணி. வயது 46. குளிக்கும்போது இடது மார்பில் கோலிக்குண்டு மாதிரி தட்டுப்பட்டிருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை மாதம் வைத்திருந்தார். ஊரில் பயாப்ஸி எடுத்து வந்த ரிப்போர்ட் ஒரே பக்கம், அதில் முடிவு என்று ஒரே ஒரு வரி: இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 3. மார்பகப் புற்றுநோய் என்று அர்த்தம். அண்ணன் அந்த 3ஐப் பார்த்துவிட்டு மூன்றாவது ஸ்டேஜ் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் வீட்டில் உலை வைக்கவில்லை. அறுவை சிகிச்சை டாக்டர் திங்கட்கிழமை அட்மிட் ஆகுங்கள், மார்பை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். நர்ஸாக வேலை பார்க்கும் சித்தி மகள்தான் போனில், "அக்கா, ஈ.ஆர், பி.ஆர், ஹெர் 2 ரிசல்ட் எங்கே? அது இல்லாம எப்படி முடிவு பண்றாங்க?" என்று கேட்டாள். எந்த மருந்து வேலை செய்யும் என்று காட்டும் சோதனைகள் அவை, எங்களுக்கு அப்போது அந்த எழுத்துகளே புதுசு.

முதலில் லேபில் போய் பிளாக் வாங்க வேண்டும். எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது, பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிய வெள்ளை மெழுகுத் துண்டு, ஓரத்தில் பென்சிலில் ஒரு நம்பர். கூடவே அந்தச் சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகள். எழுதிக் கேட்டால் தருவார்கள். எங்களிடம் முதலில் "அதெல்லாம் வெளியே தர மாட்டோம்" என்றார்கள், லெட்டர் எழுதிக் கொடுத்த பிறகு மறுநாள் கொடுத்தார்கள். பிளாக்கை வெயிலில், கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

கிளினிக்கில் பிளாக்கை வாங்கும்போதே ஒரு பெண் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது. சதையை எடுத்து எத்தனை மணி நேரம் ஃபார்மலினில், அதாவது சதை கெடாமல் இருக்க ஊறவைக்கும் திரவத்தில், வைத்திருந்தார்கள் என்று கேட்டார். 6 மணி நேரத்துக்குக் குறைந்தாலும் 72 மணி நேரத்தைத் தாண்டினாலும் ஹார்மோன், ஹெர் 2 சோதனைகளின் முடிவை நம்ப முடியாமல் போகலாமாம். எங்கள் ரிப்போர்ட்டில் அது எழுதப்படவே இல்லை, லேபுக்குப் போன் போட்டு அவரே விசாரித்துக்கொண்டார்.

நாலு வேலை நாள் கழித்து டாக்டரைப் பார்த்தோம். இந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் இந்தச் சேவையை மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

அண்ணன் முதலில் கேட்டதே, "மூணாவது ஸ்டேஜா டாக்டர்?" என்றுதான். டாக்டர் அவசரப்படாமல் சொன்னார்: கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் செல்லைப் பார்த்துப் போடும் மார்க். செல்கள் குழாய் வடிவத்தை எவ்வளவு இழந்திருக்கின்றன, கரு எவ்வளவு உருமாறியிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பிரிகிறது என்று மூன்றுக்கும் தலா 1 முதல் 3 வரை மார்க், கூட்டினால் 8 அல்லது 9 வந்தால் கிரேடு 3. ஸ்டேஜ் வேறு. கட்டி எவ்வளவு பெரிசு, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, வேறு எங்கேயும் பரவியிருக்கிறதா என்பதுதான் ஸ்டேஜ். அண்ணிக்குக் கட்டி 2.8 செ.மீ., அக்குள் சுத்தம், ஸ்கேனிலும் வேறு எங்கும் எதுவும் இல்லை, அதனால் ஸ்டேஜ் 2. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் மார்பை வரைந்து காட்டினார். காம்பிலிருந்து பால் குழாய்கள் உள்ளே கிளை கிளையாகப் பிரிந்து போகின்றன, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பால் சுரக்கும் சின்னச் சின்ன மொட்டுகள். அண்ணி மெதுவாக, "முருங்கைக்கீரை கொத்து மாதிரி இருக்கு" என்றார். டாக்டருக்கு அது பிடித்துப் போய், அதன்பிறகு முழுக்க அதையே வைத்துச் சொன்னார். ஈர்க்கில் வருவது டக்டல், இலையில் வருவது லோபுலர். ஈர்க்குக்குள்ளேயே, அதன் சுவரைத் தாண்டாமல் அடங்கியிருந்தால் டி.சி.ஐ.எஸ்., அதை ஸ்டேஜ் 0 என்பார்கள். சுவரை உடைத்து வெளியே வந்துவிட்டால் இன்வேசிவ். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு வருவது அண்ணிக்கு வந்த அந்த வகைதான்.

லோபுலரைப் பற்றி அவர் சொன்னதை எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டும். செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் பசை மாதிரியான ஒரு புரதம் அதில் பெரும்பாலும் இருக்காது, அதனால் செல்கள் கட்டியாகச் சேராமல் எறும்பு வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கைக்கும் சரியாகத் தட்டுப்படாது, மேமோகிராமிலும் தப்பிவிடலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். இன்னொன்று, கட்டியே இல்லாமல் மார்பு முழுக்கச் சிவந்து வீங்கி, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகும் இன்ஃப்ளமேட்டரி வகை. அரிது, ஆனால் வேகமானது. பால் கட்டியிருக்கிறது, சீழ் பிடித்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தே நாள் ஓடிவிடுமாம். மாத்திரைக்கு வீக்கம் வடியவில்லை என்றால் உடனே பயாப்ஸி கேளுங்கள். காம்பில் ஆறாத சொறி மாதிரி வரும் பேஜட் என்ற வகையும் அப்படித்தான், களிம்பு தடவிக்கொண்டே காலம் போய்விடும்.

சரி, இதெல்லாம் எங்கே பிறந்தது என்கிற கணக்கு. சிகிச்சையைத் தீர்மானிப்பதில் இதைவிடப் பெரிய பங்கு ரிப்போர்ட்டின் இரண்டாவது பக்கத்துக்கு, அதாவது எங்களிடம் இல்லாத அந்தப் பக்கத்துக்கு. செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோ (ஈ.ஆர்.) புரோஜெஸ்ட்ரான் ஏற்பியோ (பி.ஆர்.) இருந்தால் ஹார்மோன் பாசிட்டிவ், பெரும்பாலான பெண்களுக்கு இதுதான், டமாக்ஸிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளை 5 வருஷமோ அதற்கு மேலோ எடுக்க வேண்டியிருக்கும். செல்லின் மேல் ஹெர் 2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருந்தால் ஹெர் 2 பாசிட்டிவ். மூன்றும் இல்லை என்றால் டிரிப்பிள் நெகட்டிவ்.

அண்ணியின் ரிவ்யூ ரிப்போர்ட்டில் ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ். அதைப் படித்ததும் அண்ணன் முகம் மலர்ந்து, "அப்போ நல்லதுதானே டாக்டர்?" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. இங்கே நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை, அந்த மாத்திரைகள் வேலை செய்யாது என்று அர்த்தம். டாக்டர் அவர் மனம் நோகாமல் இதை எடுத்துச் சொன்ன விதத்துக்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஹெர் 2வும் இல்லை என்று வந்தால் அது டிரிப்பிள் நெகட்டிவ், அது மேற்கு நாடுகளைவிட நம் நாட்டில் அதிகம் என்றும், அதற்கும் கீமோ, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி என்று சிகிச்சை உண்டு, பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. மரபணு சோதனையும் செய்துகொள்வது நல்லது என்றும் அப்போதே சொல்லி வைத்தார்.

அண்ணிக்கு ஹெர் 2 ரிசல்ட் 2+ என்று வந்தது. 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ், 2+ என்றால் இரண்டும்கெட்டான். அதற்கு ஃபிஷ் என்று ஒரு சோதனை, ஹெர் 2 மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். இன்னொரு எட்டு நாள் காத்திருந்தோம். பாசிட்டிவ் என்று வந்தது. அதோடு மொத்தத் திட்டமும் மாறிவிட்டது. அறுவை சிகிச்சை முதலில் இல்லை, முதலில் கீமோவும், ஹெர் 2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தும், கட்டி எவ்வளவு கரைகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் அறுவை. டிராஸ்டுசுமாப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஒரு வருஷம், இதயத்துக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. 1998ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து, ரொம்ப நாள் நம் மாதிரிக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. 2014ல் இந்தியாவிலேயே தயாரான பயோசிமிலர், அதாவது அதற்கு இணையான மருந்து, வந்த பிறகு இறங்கியிருக்கிறது, இருந்தாலும் சும்மா இல்லை. எந்தக் காப்பீடாக இருந்தாலும் மருந்தின் பெயரைச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை அட்மிட் ஆகியிருந்தால், மருந்துக்குக் கட்டி எப்படிக் கட்டுப்படுகிறது என்று பார்க்கும் வாய்ப்பே போயிருக்கும்.

குறைகள் இருக்கின்றன. 10 மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு உள்ளே போனது 1.20க்கு. முதுகு சாய நல்ல நாற்காலிகூட இல்லை, கீமோ முடித்து வந்தவர்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். ரிவ்யூவுக்கு ஒரு தொகை சொன்னார்கள், ஃபிஷ் சோதனை வெளி லேபுக்குப் போகும், அதற்குத் தனிக்கட்டணம் என்பதை பில் போடும்போதுதான் சொன்னார்கள். அதுவே ரிவ்யூ தொகையைப்போல நாலு மடங்கு, அண்ணன் ஏ.டி.எம். தேடி ஓடினார். விளக்கம் நல்ல தமிழில், ஆனால் கையில் கொடுக்கும் புத்தகம் முழுக்க ஆங்கிலம், வகைகளின் பெயரை வரிசையாக அடுக்கியிருக்கிறது, எது அடிக்கடி வருவது, எது அரிது என்றுகூட இல்லை. டாக்டர் வரைந்த தாளையே நாங்கள் கேட்டு வாங்கிவந்தோம். ஃபைலில் முதல் பக்கமாக இருக்கிறது, பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு அண்ணியே அதைக் காட்டி, "இது ஈர்க்கு, எனக்கு இதுல" என்று சொல்கிறார்.

விளக்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து, காத்திருக்கும் இடத்துக்கும் பில் கவுண்டருக்கும் இரண்டு. போகிறவர்கள் கூட ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள், கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் சொல்வதை அவர் அனுமதியோடு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பிளாக்கைத் திரும்ப வாங்கிவிடுங்கள். நாங்கள் மறந்துவிட்டு வந்து, அதற்காகவே மறுபடி ஒரு முறை ரயில் ஏறினோம்.