ஃபவுண்டேஷன் வரிசை: மூன்றாம் நூலோடு நிறுத்தியிருக்கலாம்

ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் அறிவியல் புனைகதை நாவல்களைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வாசித்துவருகிறேன். எனக்கு மிகப் பிடித்த நெடுந்தொடர் அதுதான். அதிகம் கோபமூட்டியதும் அதுவே.

1942 முதல் பத்திரிகைக் கதைகளாக வந்தவை, 1951-53இல் மூன்று நூல்களாயின. விண்மீன் பேரரசு சரியப்போகிறது. அதையடுத்து வரும் 30,000 ஆண்டு இருளை ஆயிரம் ஆண்டாகச் சுருக்க ஹாரி செல்டன் என்ற கணிதவியலாளர் திட்டமிடுகிறார். ஒரு தனிமனிதன் என்ன செய்வான் என்று அவரது கணிதத்தால் சொல்ல முடியாது. கோடானுகோடிப் பேர் சேர்ந்தால் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்ல முடியும். பாத்திரங்கள் மெலிந்தவைதான், பக்கமெல்லாம் உரையாடல்தான். ஆனாலும் இந்த ஒரு கருத்தின் வலிமையில் கதை ஓடுகிறது. பிறர் மனத்தை வளைக்கும் ‘மியூல்’ வந்து கணக்கைக் குலைக்கும் இரண்டாம் நூலை எத்தனை முறை படித்தாலும் எனக்குப் படபடப்பு குறைவதில்லை.

1982இல் நான்காம் நூல் வந்தது. அதற்கு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதும் கிடைத்தது. அதில் மனித இனத்தின் எதிர்காலத்தை ட்ரெவைஸ் என்ற ஒரே ஆள் முடிவு செய்கிறான்! 1986இல் வந்த ஐந்தாம் நூலோ, எல்லாவற்றுக்கும் பின்னால் இருபதாயிரம் ஆண்டுகளாக ஒரு ரோபோ இருந்தது என்கிறது. மக்கள் திரளின் வரலாறு என்று நம்பி வாசித்தது, ஒரு காவலரின் மேற்பார்வையாகச் சுருங்கிவிட்டது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஆர்தர் கிளார்க்கின் ‘ராமா’ நாவல் வரிசையிலும் இதே ஏமாற்றம். 1973 நாவலில் ஐம்பது கிலோமீட்டர் நீள விண்கலம் ஒன்று சூரியனைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. கட்டியவர் யாரென்று தெரியாமலே முடிகிறது. ஜென்ட்ரி லீயுடன் சேர்ந்து கிளார்க் பின்னர் எழுதிய மூன்று நூல்கள் அந்த மௌனத்தைக் குடும்பச் சண்டைகளால் நிரப்பின. நடுவிலேயே விட்டுவிட்டேன்.

நீளம் எனக்குத் தடையில்லை. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரியின் எக்ஸ்பான்ஸ் ஒன்பது நாவல்கள். 2011இல் தொடங்கி 2021இல் முடிந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே கதையில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் கடக்கின்றன. நமக்குப் பழகியவர்கள் முதுமையடைந்து, மூட்டு வலியோடு வருகிறார்கள். அந்த வயதுக்கேற்ப அவர்களது முடிவுகளும் மாறுகின்றன. ஒன்பதையும் சலிப்பின்றி முடித்தேன்.

ஃபவுண்டேஷனைப் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் மூன்றையும் வெளியான வரிசையிலேயே வாசியுங்கள். நான்காவதை எடுக்குமுன் சில மாதங்களாவது இடைவெளி விடுங்கள். செல்டன் திட்டத்தின் மீதி நூற்றாண்டுகள் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பார்க்க அந்த இடைவெளி வேண்டும்.