ஆடியோ சிக்னல் ஜெனரேட்டர்: ஏழு வருஷம் திருகிப் பார்த்ததில்

சைன் அலையின் உச்சி உருண்டையாக இருக்க வேண்டும். என்னுடையதில் ஒரு சின்ன மூக்கு துருத்திக்கொண்டு நின்றது. ஜெனரேட்டரிலிருந்து ஒரு சோதனை அலையைக் கொடுத்து, புதிதாகக் கட்டிய ஆம்ப்பின் வெளியீட்டை ஸ்கோப்பில் (அலையை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்) பார்த்துக்கொண்டிருந்தேன். பயாஸை (டிரான்ஸிஸ்டர் சும்மா இருக்கும்போதும் ஓடும் கரன்ட்) கூட்டினேன், குறைத்தேன். டிரான்ஸிஸ்டர் ஜோடியை மாற்றினேன். இரண்டு மாலைகள் போயின. மூன்றாவது நாள்தான், எதற்கும் இருக்கட்டும் என்று ஜெனரேட்டரின் வயரை ஆம்ப்பைத் தாண்டி நேராக ஸ்கோப்பில் செருகினேன். அதே மூக்கு. ஆம்ப் பாவம், கொடுத்ததை அப்படியே பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது.

அது எக்ஸ்ஆர் 2206 சிப்பை வைத்த கிட். நான் வாங்கிய முதல் ஜெனரேட்டர். இந்த சிப்பும் அதன் பழைய கூட்டாளியான ஐசிஎல் 8038-ம் சைன் அலையை நேரடியாக உருவாக்குவதில்லை. முதலில் முக்கோண அலை. பிறகு அதன் முனையை மழுக்கி சைன் மாதிரி ஆக்குவது. மழுக்கியது போதாவிட்டால் மூக்கு தெரியும். ட்ரிம்மர்களை (திருகிச் சரிசெய்யும் குட்டி ரெசிஸ்டர்கள்) பொறுமையாகச் சரிசெய்தால் டிஸ்டார்ஷன், அதாவது அலையின் சிதைவு, அரை சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கும், விட்டுவிட்டால் 2 சதவீதத்தைத் தாண்டும். கண்ணால் பார்த்தே மூக்கு தெரிகிறது என்றால் சதவீதக் கணக்கில் இருக்கிறது என்று அர்த்தம். 0.01 சதவீத ஆம்ப்பை இதை வைத்து அளக்கப் பார்த்தது என் தவறு. ஆனாலும் அந்தக் கிட்டைத் தூக்கிப் போடவில்லை. ஸ்பீக்கர் பெட்டி எங்கே கடகடக்கிறது என்று தேட, டோன் கன்ட்ரோல் வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்றும் அதுதான் கையில் வரும். குமிழைத் திருகினால் உடனே மாறுகிறது, மெனு கிடையாது.

இரண்டாவதாக வாங்கியது திரையுள்ள டிடிஎஸ் ஜெனரேட்டர், அலையை டிஜிட்டலாக எண்களிலிருந்து உருவாக்குவது. இரண்டு சேனல், 20 மெகாஹெர்ட்ஸ். 20 மெகாவா 60 மெகாவா என்று ஒரு வாரம் யோசித்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இத்தனை வருஷத்தில் சைன் அலையை 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த மெகாஹெர்ட்ஸால் ஆடியோவுக்கு உண்டான ஒரே லாபம், சதுர அலையின் விளிம்பு செங்குத்தாக எழும். அது வேண்டியதுதான்: 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்தால் ஆம்ப்பின் நிலையற்ற தன்மை விளிம்பில் அதிர்வாகத் தெரியும், 100 ஹெர்ட்ஸ் கொடுத்தால் கப்ளிங் கெப்பாசிட்டர் போதாதது மேல்தட்டின் சரிவாகத் தெரியும். இதற்கு மிக மலிவான மாடலே தாராளம்.

முதல் நாள் குழப்பம் எல்லோருக்கும் வருவது. திரையில் 1 வோல்ட் என்று வைத்தேன், ஸ்கோப்பில் 2 வோல்ட். கருவி கெட்டு வந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடினேன். வெளியீட்டில் 50 ஓம் உள்தடை இருக்கிறது. எதிர்ப்பக்கமும் 50 ஓம் லோடு இருக்கும் என்று நம்பித்தான் திரை எண்ணைக் காட்டுகிறது. ஆம்ப்பின் உள்ளீடோ பத்தாயிரக்கணக்கான ஓம். எதுவும் பாதியாகப் பிரிவதில்லை, முழுசாக வந்துவிடுகிறது. மெனுவில் ‘ஹை இசட்’ (அதிகத் தடையுள்ள லோடு) என்று மாற்றினால் தீர்ந்தது. கூடவே இன்னொன்று: திரையில் இருப்பது உச்சிக்கு உச்சி வோல்ட்டா, ஆர்எம்எஸ்ஸா (அலையின் பயனுறு மதிப்பு) என்று பாருங்கள். 1 வோல்ட் ஆர்எம்எஸ் சைன் என்பது உச்சிக்கு உச்சி 2.83 வோல்ட்.

இதன் நல்ல பக்கம், சொன்ன ஃப்ரீக்வென்சியில் அசையாமல் நிற்கும். ஒரு வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ரெசனன்ஸை, அதாவது அது இயல்பாக அதிரும் ஃப்ரீக்வென்சியைக் கண்டுபிடிக்க 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜ் உச்சத்தைத் தொடும் இடத்தைத் தேடினேன். 0.1 ஹெர்ட்ஸாக நகர்த்தி 43-க்குப் பக்கத்தில் பிடித்தேன். கிட்டில் இதைச் செய்தபோது நான் எண்ணை எழுதி முடிப்பதற்குள் அது நகர்ந்துவிடும். சுத்தம் என்று பார்த்தால் சுமார்தான்: என்னுடையதில் இரண்டாவது ஹார்மோனிக் (கேட்ட ஃப்ரீக்வென்சியின் இரு மடங்கில் வரும் வேண்டாத அலை) மைனஸ் 65 டெசிபெல்லில் உட்கார்ந்திருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட 0.06 சதவீதம். பழுது பார்க்கப் போதும், ஒரு நல்ல ஆம்ப்பை எடைபோடப் போதாது.

இனி வாங்குவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாத இரண்டு விஷயம்.

ஒன்று, கிரவுண்ட். என் டிடிஎஸ்ஸுக்கு இரண்டு ஊசி அடாப்டர், எர்த் கிடையாது. உள்ளே ஸ்விட்ச்சிங் சப்ளை. அதிலுள்ள சிறிய கெப்பாசிட்டர் வழியாகக் கசிந்து, வெளியீட்டு பிஎன்சி சாக்கெட்டின் உலோக வளையம் ஏறத்தாழ மெயின்ஸில் பாதி வோல்டேஜில் மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு. புறங்கையால் தடவினால் எறும்பு ஊருகிற மாதிரி ஒரு சுருசுருப்பு, அவ்வளவுதான். மனுஷனுக்குத்தான் அவ்வளவுதான், ஜேஃபெட் என்கிற நுட்பமான டிரான்ஸிஸ்டருக்கு அப்படியில்லை. எர்த் செய்த ஸ்கோப்போடு ஏற்கெனவே இணைந்திருந்த மைக் ப்ரீஆம்ப்பில் (உள்ளீட்டில் ஜேஃபெட் வைத்தது) ஜெனரேட்டர் வயரின் ஆர்சிஏ பிளக்கைச் செருகினேன். ஆர்சிஏவில் நடு ஊசிதான் முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான். அந்தக் கண நேரத்தில் கசிவு முழுவதும் நடு ஊசி வழியாக ப்ரீஆம்ப்பின் உள்ளீட்டுக்குள் போயிற்று. சத்தமில்லை, புகையில்லை. ப்ரீஆம்ப் மட்டும் அதற்குப் பிறகு இரைந்துகொண்டே இருந்தது. ஜேஃபெட்டை மாற்றியதும் அடங்கியது. அன்றிலிருந்து பிஎன்சி வளையத்திலிருந்து ஒரு பச்சை வயர் மேசையின் எர்த் முனைக்குப் போகிறது. கிளிப் மாட்டும்போது கறுப்பு (கிரவுண்ட்) முதலில், சிவப்பு (சிக்னல்) பிறகு. கழற்றும்போது சிவப்பு முதலில். எர்த் கொடுத்ததால் வேறொரு தொல்லை வந்தது: ஆம்ப், ஸ்கோப், ஜெனரேட்டர் மூன்றும் எர்த் ஆனதும் கிரவுண்ட் லூப்பில் (எர்த் வயர்கள் சேர்ந்து உண்டாகும் வளையம்) 50 ஹெர்ட்ஸ் ஹம். மூன்று பிளக்கையும் ஒரே பலகையில் செருகி, சிக்னல் வயரைக் குட்டையாக்கினதில் பெரும்பாலும் போய்விட்டது.

இரண்டாவது, அடிமட்டம். எவ்வளவு பெரிய சிக்னல் தரும் என்று எல்லோரும் பார்க்கிறோம், எவ்வளவு சின்னதாகத் தரும் என்று பார்ப்பதில்லை. இசைத்தட்டுக்கான ஃபோனோ ப்ரீஆம்ப்புக்கு 1 கிலோஹெர்ட்ஸில் 5 மில்லிவோல்ட் போதும். டிடிஎஸ் திரையில் 5 மில்லிவோல்ட் என்று அழகாக எண் வரும். வெளியே வருவது சிக்னலா இரைச்சலா என்று சந்தேகமாக இருக்கும். தீர்வு ஒரு தகரப் பெட்டி. உள்ளே 1 கிலோஓம், 10 ஓம், இரண்டே ரெசிஸ்டர். இந்தப் பக்கம் அரை வோல்ட் கொடுத்தால் அந்தப் பக்கம் 5 மில்லிவோல்ட். ஜெனரேட்டரின் இரைச்சலும் அதே நூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, அதுதான் விசேஷம். ஆர்ஐஏஏ வளைவில் (ஃபோனோ ப்ரீஆம்ப் தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் நிர்ணயம்) 20 ஹெர்ட்ஸின் கெயின் 1 கிலோஹெர்ட்ஸைவிட ஒன்பது மடங்குக்கும் மேல்; ஹம்மும் சேர்ந்து பெருகும் என்பதால் பெட்டி தகரமாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் செய்து ஹம்மோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன். இந்த மேசையில் உருப்படியான வாங்கல் எது என்று கேட்டால், நான் வாங்காத இந்தப் பெட்டிதான்.

பிசியின் சவுண்ட் கார்டு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. டிஸ்டார்ஷன் அளக்க நல்ல யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் என் டிடிஎஸ்ஸைத் தூக்கிச் சாப்பிடும். ஆனால் சதுர அலைக்கு அதை நம்பாதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் 24-க்கு மேல் எதுவும் வெளியே வராது. 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை 23-வது ஹார்மோனிக்கோடு நின்று, ஒவ்வொரு விளிம்பிலும் நெளியும். அந்த நெளிவை ஆம்ப்பின் தலையில் கட்டிவிடுவோம். 10 கிலோஹெர்ட்ஸ் கேட்டால் சதுரமே கிடையாது, சைன்தான் வரும். இன்னொன்றும் உண்டு. ஒருநாள் ஸ்பீக்கர் மாட்டியிருக்கும்போது ஏதோ அறிவிப்பு மணி முழு வால்யூமில் போயிற்று. கோன் கிழியவில்லை, எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. சிஸ்டம் சத்தங்களை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

மூன்றாவது ஜெனரேட்டர் நானே செய்தது, வீன் பிரிட்ஜ் (ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடிகள் ஃப்ரீக்வென்சியைத் தீர்மானிக்கும் ஆஸிலேட்டர் சுற்று). கொஞ்சம் செல்லம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஆப்-ஆம்ப், இரண்டு ஜோடி ஆர்சி, ஒரு சின்ன பல்பு. 16 கிலோஓமும் 10 நானோஃபாரடும் போட்டால் கணக்குப்படி 995 ஹெர்ட்ஸ். கெயின் சரியாக 3-ல் நின்றாக வேண்டும். குறைந்தால் அலை செத்துவிடும், கூடினால் தலை வெட்டுப்படும். அந்த 3-ஐக் காவல் காப்பது பல்பு. அலை பெரிதானால் இழை சூடாகித் தடை ஏறும், கெயின் இறங்கும். 1939-ல் ஹெச்பி கம்பெனி பிறந்ததே இந்தப் பல்புத் தந்திரத்தை வைத்த 200ஏ ஆஸிலேட்டரில்தான். அதன் அடுத்த வடிவமான 200பி-யை வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ எட்டு வாங்கியது. என்னுடையதில் 1 கிலோஹெர்ட்ஸில் ஹார்மோனிக்குகள் மைனஸ் 85 டெசிபெல்லுக்குக் கீழே. மேசையைத் தட்டினால் இழை ஆடி அலையும் சேர்ந்து ஆடும். 20 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு சுற்றிலும் இழை சூடாகிக் குளிர்வதால் டிஸ்டார்ஷன் ஏறும். முதலில் இரட்டைப் பொட்டென்ஷியோமீட்டர் வைத்து ஃப்ரீக்வென்சி மாற்றும்படி செய்தேன். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல், தொடும்போதெல்லாம் அலை ஊஞ்சலாடியது. பிடுங்கிவிட்டு 100, 1000, 10,000 என்று மூன்றே இடத்துக்கு ஸ்விட்ச் வைத்தேன். அதன்பிறகு புகார் இல்லை.

புதிதாகத் தொடங்கும் ஒருவர் கேட்டால், சவுண்ட் கார்டும் தகரப் பெட்டியும் முதலில் என்பேன். சதுர அலையும் ஸ்வீப்பும் (ஃப்ரீக்வென்சியைத் தானாக ஏற்றிக்கொண்டே போவது) தேவைப்படும் நாளில் மலிவான டிடிஎஸ். பழைய 600 ஓம் ஆஸிலேட்டர், 10 டெசிபெல் படிகளுள்ள அட்டனுவேட்டரோடு (சிக்னலைக் குறைக்கும் பகுதி) கைமாற்றாகக் கிடைத்தால் எனக்குச் சபலம் தட்டும்; எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும் என்று தெரிந்துகொண்டே வாங்கணும். எதை வாங்கினாலும் டிசி உள்ள இடத்தில் மாட்டும் முன் தொடரில் ஒரு கெப்பாசிட்டர்.

டிடிஎஸ்ஸின் குமிழ் மூன்றாவது வருஷத்திலிருந்தே தாவ ஆரம்பித்துவிட்டது. ஒரு படி திருகினால் இரண்டு படி போகும், சிலசமயம் பின்னால் போகும். கான்டாக்ட் கிளீனர் ஆறு மாதம் தாங்கியது. குமிழுக்கு அடியில் இருக்கும் என்கோடருக்கு மாற்று டிராயரில் கிடந்து நாளாகிறது. பெட்டியைத் திறக்கலாம் என்று உட்காரும் அன்றைக்குத்தான் ஜெனரேட்டர் தேவைப்படுகிற வேலை ஏதாவது வந்து நிற்கிறது.