பங்குப் பேரவைப் பயிற்சி: கேட்கச் சொல்லித் தருகிறார்கள், முடிவெடுக்க?

மதுரைப் புறநகரில் ஒரு மேய்ப்புப்பணி மையம் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி நடத்துகிறது. பங்கு என்பது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கச் சமூகம்; பேரவை அவருக்கு ஆலோசனை சொல்லும் குழு; அன்பியம் வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு குழு. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு முடிகிறது. தங்கலும் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு 600 ரூபாய். பங்கிலிருந்து ஆள் அனுப்பலாமா, யாரை அனுப்புவது என்று யோசிக்கிறவர்களுக்காக இந்த மதிப்புரை.

சுருக்கமாகச் சொன்னால், போக வேண்டிய பயிற்சிதான். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்பது எப்படி என்பதை இவ்வளவு நன்றாகச் சொல்லித் தரும் இடம் இந்தப் பக்கம் குறைவு. ஆனால் கேட்ட பிறகு என்ன செய்வது என்ற இடத்தில் பயிற்சி கையை விரித்துவிடுகிறது. பேரவைகள் படுத்துப்போவது அந்த இடத்தில்தான்.

வகுப்பெடுப்பவர் ஆசிய நாடுகள் பலவற்றில் பயிற்சி கொடுத்து வந்த மூத்த குருவானவர். ஆசியத் திருஅவையைப் பற்றிய அவருடைய சிந்தனைகளே பாடத்திட்டம். 1970-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் மணிலாவுக்கு வந்தபோது கூடிய ஆயர்களிடமிருந்து, அதாவது பிஷப்புகளிடமிருந்து, பிறந்தது ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு. 1974-ல் தைப்பேயில் ஏழைகள், பண்பாடுகள், சமயங்கள் என்ற மூன்றோடும் உரையாடல் என்று அது வழி வகுத்தது. 1990-ல் பாண்டுங்கில் குழுமங்களின் ஒன்றிப்பாக, எல்லோரும் பங்கேற்கும் திருஅவை என்ற பேச்சு வந்தது. இதையெல்லாம் ஆண்டுப் பட்டியலாக ஒப்பிக்காமல், நம் ஊர் அன்பியம் இந்தக் கிளையில் எங்கே காய்த்தது என்று காட்டுகிறார். பிலிப்பைன்சையும் கிழக்குத் திமோரையும் விட்டால் ஆசியாவில் கத்தோலிக்கர் எங்கும் சிறுபான்மை. அப்படி இருக்கையில் ஐரோப்பியப் பங்கின் அச்சை அப்படியே வார்த்தெடுப்பது ஏன் என்பது அவர் கேள்வி.

முதல் நாளில் மிகச் சிறந்த மணி நேரம் கொரியாவும் ஜப்பானும். 1784-ல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பிய யி சுங்-ஹுனும் அவர் நண்பர்களும் ஒரு குருவும் இல்லாமல் கொரியத் திருஅவையைத் தொடங்கி, பத்தாண்டுக்கு மேல் நடத்திய கதை. ஜப்பானில் இருநூறு ஆண்டுக்கும் மேலாக ஒளிந்தே விசுவாசம் காத்து, 1865-ல் நாகசாகி ஓவுரா கோயிலுக்கு வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டவர்களின் கதை. பங்குத்தந்தை வராவிட்டால் கூட்டமே நடக்காது என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது சரியான மருந்து. சாமியார் மாதம் ஒருமுறை வந்துபோன காலத்தில் கிளைக் கிராமங்களில் செபம் நடத்தியது, மரண வீட்டுக்கு ஓடியது எல்லாம் குரு அல்லாத மறைக்கல்வி ஆசிரியரான உபதேசியார்தான் என்பதையும் இங்கே சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

அதற்குப் பதில் இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலிக்கு அரை மணி நேரம் போகிறது. 1606-ல் மதுரைக்கு வந்தார், காவி கட்டினார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார் என்பது மதுரைக்காரர்களுக்கு ஞாயிறு மறைக்கல்வியிலேயே தெரிந்த சங்கதி. அவர் வழியில் வந்த ஏற்பாட்டில் உயர்சாதியாருக்குத் தனியாகவும் மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று தனியாகவும் குருக்கள் பிரிந்து போன கதையைத் தொடுவதே இல்லை. இன்றைக்கும் சில பங்குகளில் பேரவை இடம் தெருவாரியாகப் பிரிக்கப்படுகிறது. தெரு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. பயிற்சியில் கொடுக்கும் கோப்பில் அதன் ஒரு பக்க நகல்கூடக் கிடையாது. பண்பாட்டு உரையாடல் பற்றிப் பேசும் வகுப்பில் இந்த மௌனம் உறுத்துகிறது.

இனி செய்முறை. அன்பியக் கூட்டத்துக்கான ஏழு படி நற்செய்திப் பகிர்வு தென்னாப்பிரிக்காவின் லும்கோ மையத்திலிருந்து வந்தது; ஆசியாவில் ஆசிபா (ஆசிய ஒருங்கிணைந்த மேய்ப்புப்பணி அணுகுமுறை) என்ற பெயரில் 1990-களில் பரவியது. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தைத் தொட்ட சொற்களை எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செயல், செபம் என்று ஏழும் பெரும்பாலோருக்கு மனப்பாடம். இருந்தும் எங்கே வழுக்குகிறது என்பதை ஒவ்வொரு படியாக நடித்தே காட்டுகிறார்கள். மூன்றாம் படியில் சொல்லை மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அடுத்தவர் பிரசங்கத்துக்குப் போய்விடுவார். நான்காம் படிக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் தேவை. அன்பியம் நடக்கும் வீட்டில் பக்கத்து வீட்டு சீரியல் சத்தம் கேட்கும், காபி ஆறும் என்று அது அரை நிமிடமாகச் சுருங்குகிறது. அதனால் நேரத்தை முன்பே அறிவித்துவிட்டு, ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ஐந்தாம் படியில் ‘நான்’ என்று பேச வேண்டும். ‘நாம் எல்லோரும் திருந்த வேண்டும்’ என்று ஆரம்பித்தவரை மையத்துச் சிஸ்டர் சிரித்துக்கொண்டே நிறுத்திய விதம் பார்க்க வேண்டியது.

ஆறாம் படிதான் வில்லங்கம். இந்த வாரம் இந்த வசனத்தைக் கேட்டு நம் குழு என்ன செய்யப்போகிறது, யார் செய்வது, எப்போது என்று முடிவெடுக்கும் படி அது. பெரும்பாலான அன்பியங்களில் அந்த நேரத்தில் சந்தா வசூலும் அடுத்த வீடு எது என்ற அறிவிப்பும் நடக்கும். பயிற்சியிலும் அதே கதை. ஐந்து படிகளுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, ஆறாவதை ‘அதை உங்கள் அன்பியத்தில் பேசிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

பேரவைக்குச் சொல்லித் தருவது வேறு முறை, தூய ஆவியில் உரையாடல். 2023 அக்டோபரில் வத்திக்கானில் உலக ஆயர்களின் மாமன்றம் கூடியபோது ஆயர்களும், குருக்கள் அல்லாத பொதுநிலையினரும் வட்ட மேசைகளில் உட்கார்ந்து பேசிய அதே முறை. பெண்கள் வாக்களித்த முதல் மாமன்றமும் அதுதான். மையத்தின் கூடத்தில் மேசைக்கு எட்டுப் பேர். தொடக்க செபம் 5 நிமிடம். முதல் சுற்றில் ஆளுக்கு 3 நிமிடம் வீதம் 24. மௌனம் 2. இரண்டாம் சுற்றில் மற்றவர் பேச்சில் தன்னைத் தொட்டதை மட்டும் சொல்ல ஆளுக்கு 2 நிமிடம் வீதம் 16. மறுபடி மௌனம் 2. ஒத்துப்போவது எது, முரண்படுவது எது, அடுத்த அடி எது என்று சேர்ந்து தேடும் மூன்றாம் சுற்றுக்கு 25. முடிவு செபம் 5. மொத்தம் 79 நிமிடம். ஒரு மேசைக்குப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்தால் முதல் இரண்டு சுற்றே ஒரு மணி நேரம் தின்றுவிடும். மூன்றாம் சுற்றுக்கு வரும்போது எல்லோரும் பஸ் நேரத்தைப் பார்ப்பார்கள். பேரவையில் இருபத்துநான்கு பேர் என்றால் மூன்று மேசை போடுங்கள் என்பது நல்ல அறிவுரை.

பிழை வரும் இடங்களையும் தெளிவாகச் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முதலில் பேசினால் மற்ற ஏழு பேரும் ‘சார் சொன்னதுதான்’ என்று முடித்துவிடுவார்கள். ஆகவே வயதில் இளையவரிடமிருந்து சுற்றைத் தொடங்க வேண்டும். பேசுமுன் எல்லோரும் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது கோயில் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், இரண்டாம் சுற்றில் பொருளாளர் பதில் சொல்லக் கிளம்புவார். பதில் சொல்லும் சுற்று அல்ல அது என்று மேசை நடத்துநர் நினைவூட்ட வேண்டும். நேரம் முடிந்தால் அடிக்க ஒரு பூசை மணி. மணி அடித்தால் பாதி வாக்கியத்திலும் நிறுத்த வேண்டும். இதில் அவர்கள் காட்டும் கண்டிப்பு பாராட்டத்தக்கது.

ஆனால் அந்தக் கணக்கைப் பற்றிய வார்த்தைக்கு எந்தச் சுற்றில் பதில் கிடைக்கும்? இரண்டு நாளும் தேடினாலும் கிடைக்காது. மேசைகளுக்குக் கொடுத்த பேச்சுப் பொருள் ‘இளைஞர்கள் ஏன் பூசைக்கு வருவதில்லை’. யாருக்கும் வலிக்காத தலைப்பு. திருவிழா வரியில் மிஞ்சிய பணம் எங்கே, கல்லறைத் தோட்டச் சுவருக்கு வசூலித்ததைத் தேர் செப்பனிடச் செலவழிக்கலாமா என்று ஒரு மேசைக்காவது கொடுத்துப் பார்த்திருக்கலாம். திருச்சபைச் சட்டத்தில் இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. சட்டப் பிரிவு 536-ன்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே. ஆனால் 537-ன்படி நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும். ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது 1267. மக்கள் கொடுத்த பொருளுக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287. 2024 அக்டோபரில் வந்த மாமன்ற இறுதி ஆவணம் பேரவைகளைக் கட்டாயமாக்கவே கேட்கிறது; கணக்குக் காட்டுவதைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. கூட்டொருங்கியக்கம் (எல்லோரும் சேர்ந்து பயணிப்பது) என்று இரண்டு நாள் முழங்கிவிட்டு, இந்த நான்கு எண்களை ஒரு தாளில் அடித்துக் கொடுக்காதது பெரிய குறை.

தீர்மானப் புத்தகம் எழுதும் விதமும் பாடத்தில் இல்லை. என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவு வரை என்று நான்கு கட்டம் போட்ட ஒரு பக்கம், அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதை வாசிப்பது. இவ்வளவுதான் தேவை, அரை மணி நேர வகுப்பு. நொபிலியிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் கிழமை. ஞாயிறன்று பங்குத்தந்தைக்குப் பங்குக் கோயிலிலும் கிளைகளிலும் சேர்த்து இரண்டு மூன்று பூசை இருக்கும். அவரால் வர முடியாது. ஆக, கேட்கக் கற்றுக்கொண்டு உறுப்பினர்கள் திரும்புகிறார்கள், கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் அதைப் பார்த்ததே இல்லை. மணி அடித்தும் சாமி நிறுத்தவில்லை என்றால் யார் நிறுத்துவது? வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவில் முடிகிற மாதிரி மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். கேட்டுப் பார்த்தால், வேலைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளி ஒத்துவராது என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு.

சாப்பாடு சுத்தம், சனி மதியம் மீன் குழம்பு நன்று. அறைகளில் கொசு, வத்தி கொண்டுபோகவும். கூடத்தில் மின்விசிறிச் சத்தத்தில் பின் மேசைகளுக்கு ஒலிபெருக்கி சரியாகக் கேட்பதில்லை, முன்னால் இடம் பிடிப்பது உத்தமம். பெண்களுக்குக் கழிப்பறை போதாது.

அனுப்புவதாக இருந்தால் ஒரு பங்கிலிருந்து ஒருவர் இருவர் போய்ப் பயனில்லை. திரும்பி வந்து தனியாக மணி அடிக்க முடியாது. ஐந்து பேராவது போகட்டும். அதில் நிதிக்குழுவிலிருந்து ஒருவர், கிளைக் கிராமத்திலிருந்து ஒருவர், பெண்கள் இருவர் கட்டாயம். வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை என்று சபைக்கு ஒருவராகப் பிரித்து அனுப்பினால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். பங்குத்தந்தையைச் சனிக்கிழமை ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு போங்கள். சட்ட எண்களை நீங்களே தாளில் எழுதி எடுத்துப் போய், கேள்வி நேரத்தில் கேளுங்கள். குருவானவர் கேட்டால் ஒளிக்காமல் பதில் சொல்கிறார். பங்குத்தந்தையரின் மாற்றல் பெரும்பாலும் மே, ஜூனில் வருவதால் ஏப்ரல் மாத அணியில் பதிவு செய்ய வேண்டாம். புதிய சாமி வந்து, பேரவையும் அமைந்து, முதல் கூட்டம் முடிந்த பிறகு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ அனுப்பினால் கொடுத்த 600 ரூபாய் வீணாகாது.