நெல்லையில் நிமோகாக்கல் தடுப்பூசி: பேத்திக்காக மூன்று வாசல் ஏறிய ஆச்சியின் மதிப்புரை

என் பேத்திக்குப் பதின்மூன்று வயது முடிந்துவிட்டது. தாய்வழியாக ஹெச்.ஐ.வி. தொற்றோடு பிறந்தவள். மகளும் மருமகனும் இல்லாத வீட்டில் நான்தான் அவளை வளர்த்து வருகிறேன். 2024ஆம் ஆண்டில் அவளுக்கு, நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசிகள் இரண்டைப் போட்டு முடிப்பதற்குள், ஹெச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஓர் அரசு ஏ.ஆர்.டி. மையம், இரண்டு தனியார் குழந்தைகள் மருத்துவமனைகள் என மூன்று வாசல்களை ஏறி இறங்கினோம். அந்த மூன்று இடங்களின் சேவையைப் பற்றியும் அந்த ஊசி மருந்துகளைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். எந்த இடத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. நல்லது செய்தவர்களின் பெயரையாவது சொல்ல வேண்டும் என்றுதான் மனம் விரும்புகிறது. ஆனால் நெல்லை வட்டாரத்தில் இடத்தின் பெயரையும் பிள்ளையின் வயதையும் சேர்த்துப் படித்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுகொள்ளத் தெருவுக்கு ஒருவர் இருப்பார்.

2022 தை மாதத்தில் தொடங்கியது இது. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்போது அவளுக்குப் பத்து வயது. மூன்று நாள் காய்ச்சல், இருமல். அது கொரோனாவின் மூன்றாம் அலை அடித்த நேரம் என்பதால் நாங்கள் உட்பட எல்லோரும் அதையே சந்தேகித்தோம். பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் அவள் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போய் வந்தது, மூக்கின் இரு பக்கமும் விடைத்தது, கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் பதில் வரவில்லை. மருத்துவமனையில் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 88 என்று காட்டியது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுவதும் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. பதினொரு நாள் படுக்கையில் இருந்தாள். இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தபோது அதில் நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்தது. நரம்பு வழியே செலுத்திய செஃப்ட்ரியாக்சோன் என்னும் கிருமிக்கொல்லி மருந்து அவளைக் காப்பாற்றியது.

எனக்கு அப்போது புரியாதது ஒன்று இருந்தது. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை, வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது, பிறகு ஏன் இப்படி என்று கேட்டேன். அந்த வார்டின் மருத்துவர் நின்று நிதானமாக விளக்கினார். இந்தக் கிருமி எங்கிருந்தோ புதிதாக வருவதில்லை. நன்றாக ஓடியாடும் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் குடியிருந்து, இருமலிலும் தும்மலிலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. பெரும்பாலான பிள்ளைகளிடம் காதுவலி, சளி என்ற அளவோடு நின்றுவிடும். உடலின் தற்காப்பு தளர்ந்திருக்கும் பிள்ளையிடம் அது நுரையீரலுக்குள்ளும் இரத்தத்துக்குள்ளும் சில நேரம் மூளையைச் சுற்றியுள்ள உறைக்குள்ளும் இறங்கிவிடுகிறது. ஹெச்.ஐ.வி. குறைப்பது சிடி4 என்னும் தற்காப்பு வெள்ளையணுக்களின் எண்ணிக்கையை மட்டுமன்று. ஒருமுறை சந்தித்த கிருமியை நினைவில் வைத்து எதிர்ப்பொருள் சுரக்கும் பி அணுக்களையும் அது கெடுத்துவிடுகிறது. கூட்டு மருந்து சிகிச்சை வருவதற்கு முந்தைய காலத்தில் ஹெச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கு இந்தக் கிருமி இரத்தத்தில் கலக்கும் அபாயம் மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்காக இருந்தது. சிகிச்சை அதை வெகுவாகக் குறைத்திருக்கிறது, ஆனால் மற்றப் பிள்ளைகளின் அளவுக்கு இன்னும் கொண்டுவரவில்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் தடுப்பூசி என்றார்.

அவர் அதைச் சொன்னதோடு நிற்காமல் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளிலும் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில், கடைசிக்கு முந்தைய வரியில். பிள்ளை பிழைத்து வந்த மகிழ்ச்சியில் நான் அந்தத் தாளைக் கோப்பில் வைத்து மூடிவிட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த வரி அங்கேயே கிடந்தது. அதில் என் தவறு உண்டு; மாதந்தோறும் அந்தக் கோப்பைத் திறந்தவர்களின் தவறும் உண்டு.

முதலில் ஏ.ஆர்.டி. மையம். இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையை அரசு 2004 ஏப்ரலில் தொடங்கியிருக்காவிட்டால் என் பேத்தி இன்று எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க மாட்டாள், அதை மறந்துவிட்டு நான் எதையும் எழுதக் கூடாது. நாங்கள் போகும் மையத்தில் மருந்து தீர்ந்துவிட்டது என்று ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகிப் பேருந்துகள் நின்றுபோனபோது, ஆலோசகர் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, கையில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று எண்ணச் சொல்லிக் கேட்டு, பக்கத்து இணைப்பு மையத்தில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார். பிள்ளைக்குத் தன் உடல்நிலையை எப்போது, எந்தச் சொற்களில் சொல்ல வேண்டும் என்று ஓராண்டுக் காலம் என்னைத் தயார்படுத்தியவரும் அவர்தான். எடை, உயரம், காசநோய் அறிகுறிகள், சிடி4, வைரஸ் அளவு எல்லாம் ஒழுங்காகப் பார்க்கிறார்கள். ஆனால் தடுப்பூசிக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூட இல்லை. நான் பார்த்தவரை அங்கே குறை கவனக்குறைவு அன்று, எல்லை வகுத்த முறையில் இருக்கிறது: ஏ.ஆர்.டி. மையம் வைரஸைப் பார்க்கிறது, தடுப்பூசிப் பிரிவு கைக்குழந்தைகளைப் பார்க்கிறது, ஹெச்.ஐ.வி.யோடு வளர்ந்துவிட்ட பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். 2024 மே மாதம் புதிதாக வந்த இளம் மருத்துவர் ஒருவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்து, "அம்மா, இந்த ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார். எந்த ஊசி என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அரசின் தடுப்பூசி அட்டவணையில் நிமோகாக்கல் ஊசி உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஜூலையில் அது சேர்க்கப்பட்டது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணைகள், முற்றிலும் இலவசம். 2011இல் பிறந்த என் பேத்திக்கு அது கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஓர் அரசு நிலையத்தில் கேட்டபோது, ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இது தேவையே இல்லை என்று சொன்னார்கள். உடல்நலமுள்ள பிள்ளைக்கு அது சரியான பதில். ஹெச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்குச் சரியன்று. அவர்களுக்குப் பதினெட்டு வயது வரை போட வேண்டும் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. மருந்துக்கடை ஒன்றில் இன்னொரு குழப்பத்தைக் கேட்டேன்: பிள்ளை கோட்ரைமாக்சசோல் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டிருந்தால் நிமோனியா வராதே என்றார் கடைக்காரர். அந்த மாத்திரை முதன்மையாகத் தடுப்பது நிமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சையால் வரும் நிமோனியாவை. பெயர் ஒலிப்பில் நெருங்கியிருந்தாலும் நிமோகாக்கஸ் வேறு, அதில் பல வகைகள் கோட்ரைமாக்சசோலுக்கு அடங்குவதும் இல்லை. இதை எழுதக் காரணம், என்னைப் போலவே அந்தப் பதிலைக் கேட்டு வீடு திரும்பிய ஒரு தாயைப் பின்னர் மையத்தின் வரிசையில் சந்தித்தேன்.

தேவைப்படுவது இரண்டு வகை ஊசிகள். நிமோகாக்கஸ் தன்னைச் சுற்றிச் சர்க்கரையால் ஆன ஓர் உறையைப் போர்த்திக்கொள்கிறது. அந்த உறையின் அமைப்பைக் கொண்டு ஏறத்தாழ நூறு வகைகளாக அதைப் பிரித்திருக்கிறார்கள். பிரிவெனார் 13 என்ற ஊசியில் பதின்மூன்று வகைகளின் சர்க்கரை, புரதம் ஒன்றோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிணைப்பால்தான் உடல் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. நிமோவாக்ஸ் 23 என்பது இருபத்து மூன்று வகைகளின் சர்க்கரை மட்டும் கொண்டது. பரப்பு அதிகம், நினைவு குறைவு. ஆகவே முதலில் பதின்மூன்று, குறைந்தது எட்டு வாரம் கழித்து இருபத்து மூன்று, அதிலிருந்து ஐந்து ஆண்டு கழித்து மீண்டும் ஒருமுறை இருபத்து மூன்று என்பது முன்பு எதுவும் போடாத, ஆறு வயது கடந்த பிள்ளைக்கான வரிசை. அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்குத் தவணை மாறும், மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரண்டிலும் உயிருள்ள கிருமி இல்லை என்பதால் ஹெச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இளம் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நாங்கள் போன முதல் தனியார் மருத்துவமனையைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. சீட்டைப் படித்த வரவேற்புப் பெண், கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் மூன்று ஆங்கில எழுத்துகளை எல்லோருக்கும் தெரியும்படி எழுதினார். எங்கள் டோக்கன் எண் ஏழு. முப்பத்திரண்டு வரை உள்ளே போன பிறகும் எங்களை அழைக்கவில்லை. கேட்டதற்கு, மற்ற எல்லோரும் முடிந்த பிறகுதான் உங்களுக்கு என்றார்கள். பேத்தி என் முந்தானையை இழுத்து, "ஆச்சி, வா போவோம், எனக்கு ஊசி வேண்டாம்" என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சிவப்பு எழுத்தைத்தான். 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளிப்படுத்துவதையும் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. அன்றைக்கு அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். ஊசி போடும் இடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முறையில்தான் புது ஊசி எடுக்கிறார்கள், ஒரே முறையில்தான் அதை அப்புறப்படுத்துகிறார்கள். எங்களைக் கடைசியில் நிறுத்தியதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

இரண்டாவது மருத்துவமனையை ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர் சொல்லித் தெரிந்துகொண்டோம். பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய இடம், பத்து நாற்காலிகளுக்கு மேல் இல்லை. கோப்பை மருத்துவரிடம் நேரடியாகக் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் முறை வந்தபோதுதான் அழைத்தார்கள், முன்பும் இல்லை, பின்பும் இல்லை. செவிலியர் குளிர்பெட்டியைத் திறந்ததும் உள்ளிருந்த வெப்பமானியை முதலில் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன், நான்கு டிகிரி. இந்த ஊசி இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் பயன்படாது. மருந்து நிரப்பிய குழலை வெளியில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். மேலே தெளிந்த நீர், அடியில் வெள்ளையாக ஒரு படிவு. "ஆச்சி, பாருங்க, அடியில சுண்ணாம்பு மாதிரி நிக்குல்லா, இது முழுசும் கலங்கணும். கலங்காம போட்டா மருந்து கீழயே நின்னுரும்" என்று சொல்லிவிட்டு, முழுவதும் பால்போல் ஒரே வெண்மையாகும் வரை குழலை வேகமாகக் குலுக்கினார். காலாவதித் தேதியை என்னைப் படிக்கச் சொன்னார். பிறகு பேத்தியிடம் எந்தக் கையால் எழுதுவாய் என்று கேட்டு, மற்றக் கையின் தோளில் போட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை வாழ்த்துகிறேன். மறுநாள் அவளுக்குக் கணக்குத் தேர்வு. அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள். இரவு தோள் சற்றுக் கனத்து, லேசாகக் காய்ச்சல் அடித்தது. இரண்டாம் நாள் எதுவும் இல்லை.

எட்டு வாரம் கழித்து இருபத்து மூன்று வகை ஊசிக்குப் போனபோது கையிருப்பு இல்லை. அதையும் குறையாகச் சொல்ல முடியாது, முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிட்டார்கள். மதுரையிலிருந்து பனிக்கட்டிப் பொதியோடு வரவழைத்து, ஆறு நாள் தாமதமாக 2024 ஆகஸ்டில் போட்டார்கள். அதில் படிவு கிடையாது, தெளிவான நீர்போல் இருந்தது.

உண்மையான குறை விலைதான். முதல் ஊசிக்கு ஏறத்தாழ நான்காயிரம் ரூபாய் ஆனது, இரண்டாவதற்கு அதில் பாதி. ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியை நான், என்னால் முடிந்தது. ஏ.ஆர்.டி. மையத்தின் வரிசையில் என் பக்கத்தில் உட்காரும் பெண்களில் பலர் முக்கூடலிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் பீடி சுற்றும் வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்களிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நா எழவில்லை. பணம் இல்லை என்று விட்டுவிடக்கூடிய ஊசியும் அன்று இது. தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் ஏறத்தாழ 40,000 குழந்தைகளிடம், இதே இனத்தைச் சேர்ந்த முந்தைய ஒன்பது வகை ஊசியைக் கொண்டு நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், தடுப்பூசியில் அடங்கிய வகைகளால் வரும் கடும் தொற்றை அது ஹெச்.ஐ.வி. உள்ள குழந்தைகளிடமும் 65 சதவீதம் தடுத்தது. மற்றக் குழந்தைகளிடம் 83 சதவீதம். அந்த வேறுபாட்டைக் காட்டி இது பயனற்றது என்று சொல்பவர்கள் பதினொரு நாள் அந்த வார்டில் உட்கார்ந்து பார்க்கவில்லை. கைக்குழந்தைகளுக்கு இலவசமாகப் போடும் அரசு, ஏ.ஆர்.டி. மையங்களில் பதிவு செய்துள்ள பெரிய பிள்ளைகளுக்கும் அங்கேயே போடலாம். மாதந்தோறும் தவறாமல் வரும் பிள்ளைகள் அவர்கள், தேடிப் போக வேண்டியதே இல்லை.

மதிப்பெண் போட்டே பழகியவள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மருத்துவமனைக்குப் பத்துக்குப் பத்து. ஏ.ஆர்.டி. மையத்துக்கு எட்டு, குறைத்த இரண்டும் அந்தக் கட்டம் இல்லாத பதிவேட்டுக்காக. முதல் மருத்துவமனையின் தாளை நான் திருத்தப் போவதில்லை.

இப்போது எங்கள் கோப்பின் உள்ளட்டையில் நானே அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, ஊசிப் பெட்டிகளிலிருந்து செவிலியர் கிழித்துக் கொடுத்த இரண்டு ஒட்டுத்தாள்களையும் ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது கட்டத்தில் 2029 ஆகஸ்ட் என்று பேத்தி தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். போன மாதம் மையத்தின் வரிசையில் அந்தப் பக்கத்தைப் பார்த்த ஒரு தாய், தன் மகனின் கோப்பை நீட்டி அதேபோல் கட்டம் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.