திரைச்சீலைத் துணியில் தைத்த மால்ட் பை: 14 முறை பீர் காய்ச்சிய பிறகு

மூன்று வருடம் வீட்டில் டின் பீர்தான் போட்டேன், அதாவது மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு கெட்டியாக டின்னில் வரும், அதைக் கரைத்துப் புளிக்க வைப்பது. 1.7 கிலோ டின், ஒரு கிலோ சீனி, 23 லிட்டர் வரை தண்ணீர், மூடிக்கு அடியிலிருக்கும் ஈஸ்ட். முடிந்தது வேலை. ஆனால் எந்த டின்னை வாங்கினாலும் அடிநாக்கில் அதே இனிப்பு. டின் சாறு இல்லாமல் மால்ட் தானியத்திலிருந்தே காய்ச்ச நினைத்தபோது மூன்று பாத்திரமும் பம்ப்பும் வேண்டும் என்றார்கள். ஆஸ்திரேலியாவில் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பரப்பிய பை முறைக்கு ஒரே பானை போதும்: மால்ட்டைத் துணிப்பையில் வெந்நீரில் ஊறவைத்து, பையோடு தூக்கிவிடுவது.

இணையத்தில் வாங்கிய முதல் பை, இரண்டாவது காய்ச்சலில் தூக்கும்போதே அடியில் பிரிந்துவிட்டது. ஐந்து கிலோ மால்ட்டும் பானைக்குள். அன்று இரவு பன்னிரண்டு வரை வடிகட்டினேன்.

மறுநாள் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பள்ளிச் சீருடை தைக்கும் அக்காவிடம் அதைக் கொண்டுபோனேன். "ஒத்தைத் தையல்தான் தம்பி போட்டிருக்காங்க. எவ்வளவு பாரம் தாங்கணும்?" என்றார். நனைந்தால் பத்துக் கிலோவுக்கு மேல், அதுவும் சூடாக என்றேன். திரைச்சீலைக்குப் போடும் மெல்லிய பாலியெஸ்டர் 'வாயில்' (voile) துணியை ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டார். கைப்பிடி வாரைப் பையின் வாயோடு நிறுத்தாமல் அடிவரை சுற்றிக் கொண்டுவந்தார், பாரம் துணியில் விழாமல் வாரில் விழும்படி. துணியோடு 35 வெள்ளி (ரிங்கிட்). இதுவரை ஒரு நூல் நகரவில்லை.

30 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி மால்ட்டைக் கொட்டினால் 66-க்கு இறங்கும். கம்பளி சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் நம் ஊர் வெக்கையில் ஒரு டிகிரிகூடக் குறைவதில்லை. மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் நேரம் இது. ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பாருங்கள். கறுநீலம் ஆகாவிட்டால் பையைத் தூக்கலாம். பை உள்ளே இருக்கும்போதே அடுப்பை மறுபடி மூட்டுவதாக இருந்தால் பைக்கு அடியில் இட்லித்தட்டைக் கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் துணி கருகும். பையைத் தூக்கியபின் சாற்றைக் கொதிக்க வைக்க வேண்டும். எனக்குக் கொதித்து முடிந்து 22 லிட்டர், அடர்த்தி 1.048 (வெறும் தண்ணீர் 1.000).

ஒரு குறை உண்டு. மால்ட்டை ரொம்பப் பொடியாக அரைத்தால் துணி அடைத்துக்கொண்டு வடிய அரை மணி ஆகிறது. தானியம் இரண்டு மூன்றாக உடைந்தால் போதும், உமி முழுசாக இருக்கட்டும்.

அப்புறம், குளிர வைப்பது. குழாய்த் தண்ணீரே இங்கே 28 டிகிரி. நான் சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஜெரிகேனில் ஊற்றி இறுக மூடி, மறுநாள் காலையில் நார்வேயின் குவெய்க் ஈஸ்ட் போடுகிறேன். 35 டிகிரியிலும் அது கெட்ட வாடை தராது. முதல் கிளாஸில் நுரைக்கு மேலே சுட்ட ரொட்டி வாசம் வந்தது. அந்த டின் இனிப்பு இல்லவே இல்லை.

சக்கையைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஒரு ராத்திரி வைத்தாலே புளித்துவிடும், பையும் அதே நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும்.