இன்னார் மகன் இன்னார்: பத்திரமா, பிறப்புப் பதிவா, வாரிசுச் சான்றா?

தமிழ்நாட்டில் நிலபுலம் இருந்த ஒரு குடும்பத்தின் நாலைந்து தலைமுறையை எழுத உட்கார்ந்தால், பெயர்கள் சீக்கிரமே சேர்ந்துவிடும். ஒருவர் இன்னொருவருக்கு மகன் என்று போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆதாரம் காட்டுவதுதான் பெரிய வேலை. பெரும்பாலும் கைக்கு எட்டுபவை மூன்று: பிறப்பு இறப்புப் பதிவேடு, வாரிசுச் சான்றிதழ், பதிவு செய்த பத்திரம். நான் முதலில் தேடுவது பத்திரத்தை. அதிலும் குடும்பச் சொத்தைப் பங்கு பிரித்து எழுதிய பாகப்பிரிவினை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் துணைக்குத்தான்.

பிறந்த தேதிக்குப் பிறப்புப் பதிவை மிஞ்ச ஒன்றுமில்லை. இன்று நடப்பில் இருப்பது 1969-ம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் 1899-ம் ஆண்டு மதராஸ் சட்டம். ஆனால் பழைய பதிவுகளில் குழந்தைக்குப் பெயரே இருக்காது. தகப்பன் பெயரும் 'ஆண்' என்ற குறிப்பும் மட்டும் இருக்கும். நாலு ஆண்பிள்ளைகள் பிறந்த வீட்டில் அது எந்தப் பிள்ளை என்று சொல்ல வேறொரு ஆதாரம் தேவை. வீட்டுப் பிரசவங்கள் பல பதிவாகவே இல்லை. பிறந்த தேதியோடு பதிவு செய்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள். பல வருடம் கழித்து உத்தரவு வாங்கிப் பதிந்திருந்தால், அது பிறந்தபோது எழுதிய சாட்சியம் ஆகாது.

வாரிசுச் சான்றிதழ் எளிதாகக் கிடைக்கும், அதனாலேயே பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். விண்ணப்பித்தவர் சொன்னதைக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, தாசில்தார் தருவது அது. ஒரு தலைமுறைக்கு மேல் போகாது. தகப்பனுக்கு முன்பே வாரிசில்லாமல் இறந்த பிள்ளை அதில் வராமல் போகலாம். மூத்த தாரத்துப் பிள்ளைகள் விடுபட்ட சான்றிதழ்களும் உண்டு. எங்கே தேட வேண்டும் என்று காட்டும் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

உறவுச் சான்றின் பலத்தைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: அந்த வார்த்தையை யார், எப்போது, எந்த நலனோடு சொன்னார்? வாரிசுச் சான்றில் பலன் பெறப்போகிறவர் சொல்கிறார். பாகப்பிரிவினையில், ஒருவரை அண்ணன் தம்பி என்று ஒப்புக்கொண்டால் தன் பங்கு குறையும் என்று தெரிந்தவர்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். "நம்மில் 1 லக்கமிட்டவர் 2, 3 லக்கமிட்டவர்களின் தகப்பனார்" (லக்கம் என்றால் எண்) என்ற ஒரு வரிக்குப் பின்னால், சாட்சிகளும் சார்பதிவாளர் முன் வைத்த கைரேகையும் இருக்கின்றன. மைனர் பிள்ளைகள் இருந்தால் கார்டியன் யார் என்பதும் வரும். இன்னொரு உறவு அங்கேயே உறுதியாகிறது. 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32-ம் பிரிவும், தகராறு எழும் முன் குடும்ப விவகாரப் பத்திரத்திலோ உயிலிலோ இறந்தவர் எழுதிவைத்த உறவுக் கூற்றுக்குத் தனி இடம் கொடுத்தது. வம்சாவளி எழுதுபவருக்கும் அதுவே நல்ல அளவுகோல்.

தேடும் வழி இது. இன்றைய பட்டாவிலிருந்து சர்வே எண்ணை எடுங்கள். கிராமத்து நிலங்களின் பதிவேடான அ-பதிவேட்டில் பழைய புல எண்ணை, அதாவது பழைய சர்வே எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறியிருப்பதால், புது எண்ணை மட்டும் போட்டால் பழைய பத்திரம் சிக்காது. பிறகு இரண்டு எண்ணுக்கும் வில்லங்கம் போடுங்கள், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலைக் கேளுங்கள். இணையத்தில் பொதுவாக 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தில் இருந்திருந்தால் அங்கேயும் தேடுங்கள். வில்லங்கம் சுருக்கம்தான், உறவு பற்றிய வாசகம் அதில் வராது. பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் (சொத்தை உறவினருக்கு எழுதிக் கொடுப்பது), விடுதலை (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) என்று வரும் ஒவ்வொன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்கிப் படித்தால்தான் பலன். சார்பதிவகத்தில் நிலப் பத்திரங்களைப் பதியும் 1 புத்தகத்தில் பதிவான பத்திரத்தின் நகலைக் கட்டணம் கட்டி யாரும் பெறலாம். உயில் 3 புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகே மற்றவர்களுக்கு நகல் தருவார்கள்.

பத்திரத்துக்கும் பெரிய ஓட்டை உண்டு: பெண்கள். பழைய பாகப்பிரிவினைகளில் பங்காளிகளான ஆண்கள் மட்டுமே வருவார்கள். அதில் மகள் பெயர் இல்லை என்பதால் மகளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிந்தைய விடுதலைப் பத்திரங்களைப் பாருங்கள். தகப்பன் பங்கில் தனக்குள்ள பாத்தியதையை விட்டுக்கொடுத்த மகள், கணவர் பெயரோடும் ஊரோடும் அங்கே இருப்பார். தமிழ்நாட்டில் 1989 திருத்தத்துக்குப் பிறகு, அதற்குமுன் திருமணமாகாத மகள்களும் பங்காளிகளானதால் பாகப்பிரிவினையிலேயே வரத் தொடங்கினார்கள்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீடுகளில் 'ராமசாமி மகன் கருப்பண்ணன்' என்பது இரண்டு வேறு ஆட்களாக இருக்கலாம். பத்திரத்தில் உள்ள வயது உத்தேசமானது, அதை நம்பிப் பிரிக்காதீர்கள். அடுத்த பத்திரம் "எங்கள் தகப்பனார் பேரில் இன்ன ஆண்டு இன்ன எண்ணாகப் பதிவான" என்று முந்தைய பத்திரத்தைச் சுட்டினால், அந்தச் சங்கிலிதான் ஆளைப் பிரித்துக் காட்டும். சுவீகாரப் பிள்ளை சில பத்திரங்களில் வெறும் 'மகன்' என்றே இருப்பார். அங்கே பத்திரம் சட்டப்படியான உறவைச் சொல்கிறது, ரத்த உறவைச் சொல்லவில்லை.

குறித்து வைக்கும் முறை: சார்பதிவகம், 1 புத்தகம், தொகுதி, பக்கங்கள், ஆவண எண், ஆண்டு, நகல் வாங்கிய தேதி. இவற்றுக்குக் கீழே உறவைச் சொல்லும் வரியை எழுத்துப் பிழையோடு அப்படியே பெயர்த்தெழுதுங்கள். மூலப்பத்திரத்தைப் பார்த்தீர்களா, பதிவு நகலையா என்பதையும் எழுதுங்கள். அந்தக்காலப் புத்தகங்கள் கையால் படியெடுத்தவை, தலைப்பெழுத்து மாறியிருக்கும். 'குடும்பப் பத்திரம்' என்று மட்டும் எழுதினால், உங்களுக்குப் பின் வருபவர் அதை மறுபடி கண்டுபிடிக்க முடியாது.

நிலமே இல்லாத குடும்பத்துக்கு இந்த வழி உதவாது. அங்கே பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் திருமுழுக்குப் பதிவேடு, பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரையும் தருவதால், பத்திரத்துக்குச் சமமாக நிற்கக்கூடும். அவற்றை நான் கையாண்டது குறைவு என்பதால் அதற்கு மேல் அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன்.