கோயில் விஞ்ஞாபனம் முதல் தேயிலைப் பொதி வரை: ஸ்கிரைபஸுடன் சில ஆண்டுகள்

இலங்கை மலைநாட்டிலுள்ள ஹட்டனில் இருந்துகொண்டு அச்சுக்கான பக்க வடிவமைப்புச் செய்கிறேன். தோட்டக் கோயில்களின் திருவிழா விஞ்ஞாபனம், பாடசாலை ஆண்டு மலர், தேயிலைப் பொதிகளுக்கான மும்மொழி லேபல் என்று வேலை வரும். மாதச் சந்தா கட்டும் மென்பொருள் இந்த வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் இலவசமாகக் கிடைக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸுக்கு வந்தேன். இன்று பணம் இருந்தாலும் அதை விடமாட்டேன்.

தமிழுக்கு அது எப்போதும் ஒத்துழைத்ததில்லை. 1.4 பதிப்புகளில் யுனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2017இல் 1.5.3 வந்தபோதுதான் எழுத்துகள் ஒழுங்காகக் கோத்துக்கொண்டன. 2024இல் வெளியான 1.6 நிலையான பதிப்பு. புதிதாகத் தொடங்குபவர்கள் இதையே நிறுவுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னும் பாதி வேலை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவான பாமினியில்தான் வருகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். யுனிகோடுக்கு மாற்றும்போது இடையில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் தமிழாகிக் குழம்பும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளே பதித்து அனுப்புங்கள். எழுத்துரு தேவைப்படாதபடி எழுத்தைக் கோட்டுருவாக (outline) மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் சிறிய எழுத்து சற்றுத் தடித்துத் தெரியும், அச்சகத்தில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

இனி நிறம். விஞ்ஞாபனம் என்றால் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. இதில்தான் அதிகமானவை பாழாகின்றன. ஸ்கிரைபஸின் இயல்பான அமைப்பில் கறுப்பு எழுத்துக்குக் கீழே மஞ்சள் வெட்டப்பட்டு வெறும் தாள் விடப்படும். தாள் ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் வெள்ளைக்கோடு எட்டிப்பார்க்கும். மலைநாட்டில் தாள் விலகுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் திறந்துவைத்த தாள் ஈரத்தை உறிஞ்சி விரிந்துவிடுகிறது. ஆகவே நிறத் தாவலில் அந்த எழுத்துக்கு மட்டும் மேலச்சு (Overprint) என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மஞ்சள் வெட்டுப்படாமல் ஓடும், கறுப்பு அதன்மேல் விழும்.

எழுத்தின் கறுப்பு, தனிக் கறுப்பு மையில் 100 சதவீதமாகவே இருக்க வேண்டும். திரை நிறமான ஆர்ஜிபி கறுப்பை அப்படியே மாற்றினால் சயன், மஜெந்தா, மஞ்சள் மூன்றும் கூடவே வந்துவிடும். மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடும் ஒரே புள்ளியில் விழாவிட்டால் பொடி எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தட்டும். நிறப் பட்டியலில் உள்ள ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ கறுப்பை எழுத்துக்கு எடுக்கவே கூடாது. அது நான்கு மையையும் முழுதாக ஊற்றும். அச்சகக் குறிகளுக்கு மட்டுமே உரியது.

அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்துக் கேட்பவர்கள் பலர். உபயகாரர் பெயர்களை எட்டுப் புள்ளி அளவில் அப்படி அச்சிட்ட ஒரு விஞ்ஞாபனத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன்: மை பரவி ‘ல்’, ‘ன்’ எழுத்துகளின் புள்ளிகள் அடைபட்டிருந்தன. பணம் கொடுத்தவரின் பெயரே பிழையாகிப் போவது எவ்வளவு வருத்தம்! வெள்ளை எழுத்து கட்டாயம் என்றால் பத்துப் புள்ளிக்குக் குறையாமல், தடித்த எழுத்துருவில், முடிந்தவரை ஒரே மையால் ஆன பின்னணியில் வைக்கிறேன்.

தேயிலை லேபலுக்குக் கேட்கும் கொழுந்துப் பச்சை திரையில் பளிச்சென்று இருக்கும். சயனும் மஞ்சளும் சேர்ந்து அந்தப் பிரகாசத்தைத் தரவே தராது. ஸ்கிரைபஸில் நிற மேலாண்மை தொடக்கத்தில் அணைந்திருக்கும். அதை இயக்கி, அச்சகம் சொல்லும் நிறக் கோப்பை (ICC profile) தெரிவுசெய்தால், மங்கப்போகும் பச்சை திரையிலேயே ஏறத்தாழத் தெரிந்துவிடும். வாடிக்கையாளரை அருகில் அமர்த்தி அப்போதே காட்டிவிடுகிறேன்.

நான் மிகவும் மதிப்பது ஏற்றுமதிக்கு முன் வரும் சரிபார்ப்புச் சாளரத்தை. பெட்டிக்குள் அடங்காத வரி, எழுத்துருவில் இல்லாத குறி, தெளிவு குறைந்த படம் மூன்றையும் சுட்டிக்காட்டும். ஆண்டு மலருக்கு ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கியே வருகின்றன. அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்ற கணக்கில் அது சுமார் 13.5 சென்ரிமீற்றர்தான், முழு ஏ4 பக்கத்துக்குப் போதாது. “டீச்சர், படத்தை டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள்” என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன். பக்கத்தின் ஓரம்வரை போகும் படத்துக்கு வெட்டுக்காக 3 மில்லிமீற்றர் கூடுதலாக நீட்டிவிடுவதும் முக்கியம்.

குறைகளும் உண்டு. ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் சமப்படுத்தினால் நீண்ட தமிழ்ச் சொற்களுக்கிடையே பெரிய வெளி விழுகிறது. அதனால் இடப்பக்கம் மட்டும் சீராக்குகிறேன். அடோபியின் இன்டிசைன் மென்பொருளில் சேமித்த .indd கோப்பை நேரடியாகத் திறக்காது. 1.6இல் சேமித்ததைப் பழைய 1.4 ஏற்காது. பக்கம் நிறைந்த மலர்களில் வேகம் குறைகிறது, அதனால் பகுதி பகுதியாகப் பிரித்து வேலை செய்து கடைசியில் பிடிஎஃப்களை இணைத்துக்கொள்கிறேன்.